தண்ணீரில் நடந்த ஜனாதிபதி

1921-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி.

கனடா நாட்டைச் சேர்ந்த காம்போபெல்லோ என்ற சிறிய தீவு. அங்கே கடலோரத்தில் ஒரு பெரிய வீடு. கோடை விடுமுறையைக் கழிப்பதற்காக ஒரு அமெரிக்கக் குடும்பம் அந்த வீட்டில் தங்கி இருந்தது.

குடும்பத் தலைவருக்கு வயது 39. ஆறு அடிக்கு மேல் உயரம். பார்த்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அழகு. படகு விடுவார். நீந்துவார். குழந்தைகளோடு போட்டி போட்டு ஓடுவார். ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டார்.

அன்று அவர் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு பாய்மரப் படகில் போனார். வழியில், ஒரு தீவில் காடு தீப்பற்றிப் புகைவது தெரிந்தது. உடனே படகைக் கரைக்கு ஓட்டினார். எல்லோரும் இறங்கி, மரக்கிளைகளை ஒடித்து, தீயை அடித்து அடித்து அணைத்தார்கள்.

உடம்பெல்லாம் கரி. கண்ணெல்லாம் புகை. குளித்தால் தேவலை போல் இருந்தது. ஓட்டமாக ஓடிப் போய் ஒரு ஏரியில் நீந்தினார்கள். அவருக்கு அது போதவில்லை. பக்கத்திலேயே கடல். பனிக்கட்டி போல் குளிர்ந்த தண்ணீர். அதிலும் குதித்து எழுந்தார். மறுபடியும் ஓட்டம். வீட்டுக்கு வந்தபோது தபால் வந்திருந்தது. ஈர உடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து கடிதங்களைப் படித்தார்.

திடீரென்று குளிர் எடுத்தது. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாடிப்படி ஏறிப் போய்ப் படுத்துக் கொண்டார்.

அவர் தம்முடைய கால்களால் மாடிப்படி ஏறியது அதுவே கடைசி!

யார் இவர்?

அவர்தான் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பின்னாளில் அமெரிக்காவின் ஜனாதிபதியாக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருக்கு முன்னும் பின்னும் எவரும் நான்கு முறை அந்தப் பதவிக்கு வந்தது இல்லை.

1882-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, நியூயார்க் மாநிலத்தில் ஹைடு பார்க் என்ற ஊரில் பிறந்தார். ஹட்சன் நதிக்கரையில் பெரிய பண்ணை வீடு. பணக்காரக் குடும்பம். தாயார் சாராவுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்பாமல், 14 வயது வரை வீட்டிலேயே ஆசிரியர்களை வைத்துப் படிக்க வைத்தார்கள்.

1905-ல் எலியனார் என்ற பெண்ணை மணந்தார். தூரத்து உறவுதான். எலியனாரின் பெரியப்பா தியோடர் ரூஸ்வெல்ட் அப்போது அமெரிக்காவின் ஜனாதிபதி! தகப்பனார் இல்லாத அந்தப் பெண்ணைக் கைபிடித்துக் கொடுத்தவரும் அவரே.

பெரியப்பாவின் வழியிலேயே மருமகனும் அரசியலுக்கு வந்தார். மாநில மேல்சபை உறுப்பினர் ஆனார். பிறகு 7 ஆண்டுகள் கடற்படைத் துறையின் உதவி மந்திரி. 1920-ல் உபஜனாதிபதி தேர்தலில் நின்றார். தோற்றார். ஆனாலும் வயது 38-தானே! இன்னும் காலம் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்த ஆகஸ்டு மாதம் வந்தது.

கால்கள் என்ன ஆயின?

மறுநாள் காலையில் எழுந்தார். ஒரு கால் தள்ளாடியது. எப்படியோ முகச்சவரம் செய்துவிட்டு வந்து படுத்தார். காய்ச்சல் கொதித்தது. அதற்கு மறுநாள் எழுந்து நிற்க முயன்றார். முடியவில்லை. இரண்டு கால்களும் துணி போல் துவண்டன.

உள்ளூர் டாக்டர் வந்தார். ஜலதோஷம் என்றார். பக்கத்து ஊரில் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பிரபல டாக்டரை அழைத்து வந்தார்கள். முதுகுத் தண்டில் ரத்தம் கட்டி இருக்கிறது, கால்களை நன்றாகப் பிடித்துவிட வேண்டும் என்றார் அவர். எலியனாரும், ரூஸ்வெல்ட்டின் நண்பர் லூயி ஹோவும் இரவும் பகலும் கால் பிடித்தார்கள். ரூஸ்வெல்ட் வலியால் துடித்தார்.

ஆகஸ்டு 25-ந் தேதி, பாஸ்டன் நகரில் இருந்து லோவெட் என்ற நிபுணர் வந்தார். பார்த்த உடனே சொல்லிவிட்டார்: இது போலியோ. முதல் வேலையாகக் கால் பிடிப்பதை நிறுத்தச் சொன்னார்.

தமிழில் இந்த நோய்க்கு இளம்பிள்ளை வாதம் என்று பெயர். பெயரே சொல்கிறது, இது குழந்தைகளைத் தாக்கும் நோய் என்று. 39 வயதுக்காரருக்கு எப்படி வந்தது? ஜூலை மாதக் கடைசியில் அவர் ஒரு சாரணர் முகாமுக்குப் போயிருந்தார். நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கூடிய இடம். அங்கே தொற்றி இருக்கலாம் என்று கருதுகிறார்கள். சிறு வயதில் மற்றக் குழந்தைகளோடு சேராமல் வளர்ந்ததால், நோயை எதிர்க்கும் சக்தி அவர் உடம்பில் உண்டாகவில்லை என்பதும் ஒரு கருத்து. (அவருக்கு வந்தது போலியோவே அல்ல, நரம்புகளைத் தாக்கும் வேறொரு நோய் என்று 2003-ல் சில ஆராய்ச்சியாளர்கள் வாதாடினார்கள். பெயர் எதுவானால் என்ன? கால்கள் போனது போனதுதான்.)

தாயாரா, மனைவியா?

செப்டம்பர் மாதம் அவரை ஒரு தூக்குக் கட்டிலில் படுக்க வைத்து, படகில் ஏற்றி, ரெயிலில் நியூயார்க் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அக்டோபர் கடைசியில் வீடு திரும்பினார். முன்னேற்றம் இல்லை என்று ஆஸ்பத்திரிக் குறிப்பில் எழுதி அனுப்பினார்கள்.

1922 ஜனவரியில் இன்னொரு கொடுமை. முழங்காலுக்குப் பின்புறம் தசைநார்கள் சுருங்கி, கால்கள் மடங்கத் தொடங்கின. இரண்டு கால்களுக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டின் பின்புறம் தினமும் ஆப்பு வைத்து, கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். அந்த வலியை அவர் பல்லைக் கடித்துக் கொண்டு தாங்கினார்.

வீட்டுக்குள் ஒரு போராட்டம் நடந்தது. மகன் பட்டது போதும், ஹைடு பார்க் வீட்டுக்கு வந்து புத்தகம் படித்துக் கொண்டு, தபால் தலை சேர்த்துக் கொண்டு நிம்மதியாக இருக்கட்டும் என்றார் தாயார். பெற்ற மனம், அதைக் குறை சொல்ல முடியாது. எலியனார் ஒப்புக் கொள்ளவில்லை. அவரை மூலையில் உட்கார வைத்தால் உயிரோடு புதைத்தது போல் ஆகும் என்பது அவர் எண்ணம். லூயி ஹோவும் அந்தப் பக்கமே நின்றார். அவரும் ஒரு நோயாளிதான். வாழ்நாள் முழுதும் ஆஸ்துமாவோடு மூச்சுக்குப் போராடியவர்.

ரூஸ்வெல்ட் என்ன சொன்னார்? வாயால் எதுவும் சொல்லவில்லை. கட்டிலுக்கு மேல் வளையங்களைத் தொங்கவிடச் சொல்லி, அவற்றைப் பிடித்து இழுத்துப் பழகினார். தோளும் மார்பும் மல்யுத்த வீரருக்கு இருப்பது போல் திரண்டன. இடுப்பில் இருந்து பாதம் வரை இரும்புச் சட்டம் மாட்டி, கக்கத்தில் கட்டைகளை ஊன்றிக் கொண்டு, வீட்டு வாசலில் இருந்து சாலை வரை போய்விட வேண்டும் என்று தினமும் முயன்றார். பாதி வழியில் வியர்த்து ஊற்றும். நின்று விடுவார். மறுநாள் மறுபடியும் கிளம்புவார்.

1922 அக்டோபரில் முதல் முறையாகத் தம்முடைய அலுவலகத்துக்குப் போனார். பளிங்குத் தரை. கட்டை வழுக்கியது. எல்லோரும் பார்க்கத் தடாலென்று விழுந்தார். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக் கொண்டு, பக்கத்தில் நின்றவர்களைத் தூக்கிவிடச் சொன்னார்.

குடமும் கிணறும்

தரையில் இப்படி விழுந்து எழுந்தவருக்கு, தண்ணீர் வேறு மாதிரி இருந்தது.

அந்தக் கோடையில், பக்கத்து ஊர்ப் பணக்காரர் ஆஸ்டர் என்பவருடைய வெந்நீர் நீச்சல் குளத்தில் ரூஸ்வெல்ட்டை இறக்கினார்கள். தரையில் அசைய மறுத்த கால்கள் தண்ணீரில் அசைந்தன! கைகளை வீசினார். உடம்பு முன்னால் போனது. யாரும் தூக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. ஓர் ஆண்டுக்குப் பிறகு, முதல் முறையாக அவர் நினைத்த இடத்துக்கு அவராகவே போனார்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர்களுக்கு இது தெரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கும் வரை கனம் தெரியாது. தண்ணீரை விட்டு மேலே வந்ததும் கை கடுக்கும். மனித உடம்பும் அப்படியே. மார்பளவு தண்ணீரில் நின்றால், உடம்பின் பெரும் பாரத்தைத் தண்ணீரே தாங்கிக் கொள்கிறது. மெலிந்த தசைகள் மீதிப் பாரத்தைச் சுமந்தால் போதும். வெதுவெதுப்பான தண்ணீராக இருந்தால் இறுகிய தசைகளும் இளகும். நெடுநேரம் நீந்தினாலும் குளிர் எடுக்காது.

போலியோவில் நரம்பு அடியோடு செத்துவிட்டால், அந்தத் தசை பிழைக்காது. ஆனால் பாதி உயிரோடு இருக்கும் தசைகள் உண்டு. அவற்றுக்கு வேலை கொடுத்தால் வலுப்படும். வேலை கொடுக்கத் தரையில் வழி இல்லை. தண்ணீரில் வழி இருந்தது.

குளிர் காலத்தில் புளோரிடாவுக்குப் போய், ஒரு வீட்டுப் படகு வாங்கி, வெயில் பட்ட கடலில் நீந்தினார். மூன்று குளிர் காலங்கள் இப்படிப் போயின.

பாழடைந்த ஓட்டல்

1924-ல் பீபாடி என்ற நண்பர் ஒரு செய்தி சொன்னார். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று. மலையில் பெய்யும் மழை, பாறை வழியே பூமிக்குள் வெகு ஆழம் இறங்கி, சூடேறி, மேலே வருகிறது. கோடையிலும் குளிரிலும் ஒரே சூடு: 88 டிகிரி பாரன்ஹீட். தாது உப்புகள் நிறைந்த தண்ணீர். உடம்பு எளிதில் மிதக்கும். போலியோ தாக்கிய ஒரு வாலிபர் அங்கே நீந்தி நீந்தி, கைத்தடியோடு நடக்கிறார்.

அக்டோபர் 3-ந் தேதி ரூஸ்வெல்ட் அங்கே போய் இறங்கினார். பார்த்தால் பெரிய ஏமாற்றம். ஒரு காலத்தில் பணக்காரர்கள் வந்து தங்கிய ஓட்டல், சாயம் போய், மரம் உளுத்து நின்றது. இவர்கள் தங்கிய சிறு வீட்டில் பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தது. எலியனாருக்கு இடம் பிடிக்கவே இல்லை.

ஆனால் குளம்! ரூஸ்வெல்ட் உள்ளே இறங்கினார். வெளியே வர மனம் இல்லை. சில நாட்களில், 4 அடி ஆழத்தில் இரும்புச் சட்டம் இல்லாமல், கட்டை இல்லாமல், தண்ணீருக்குள் நடந்தார். மூன்று வாரம் தங்கினார். மூன்று ஆண்டுகளில் காணாத முன்னேற்றம் கண்டதாக நம்பினார்.

அட்லாண்டா நகரப் பத்திரிகை நிருபர் ஒருவர் வந்து பார்த்து, நீந்தியே குணமடையப் போகிறார் ரூஸ்வெல்ட் என்று கட்டுரை எழுதினார். அது நாடு முழுவதும் பல பத்திரிகைகளில் வந்தது. எங்கெங்கோ வீட்டு மூலைகளில் முடங்கிக் கிடந்தவர்கள் அதைப் படித்தார்கள்.

டாக்டர் ரூஸ்வெல்ட்

1925 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் மறுபடி வார்ம் ஸ்பிரிங்ஸ் வந்தார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். யாரும் அழைக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. ரெயிலில் வந்து இறங்கினார்கள். சிலரிடம் திரும்பிப் போகவும் காசு இல்லை.

அங்கே போலியோ டாக்டர் கிடையாது. நர்சு கிடையாது. என்ன செய்வது?

ரூஸ்வெல்ட்டே தண்ணீரில் இறங்கினார். எந்தத் தசை எந்த வேலை செய்கிறது என்பதை லோவெட்டிடம் கேட்டும் படித்தும் அறிந்து வைத்திருந்தார். அதைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் அவரை டாக்டர் ரூஸ்வெல்ட் என்று அழைத்தார்கள். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த பட்டங்களில் இதுதான் அவருக்கு மிகவும் பிடித்திருக்க வேண்டும்.

ஒரு பருமனான அம்மாளுக்குப் பயிற்சி கொடுத்த கதையை அவர் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். இரண்டு பாதங்களையும் குளத்தின் தரையில் ஊன்ற வேண்டும். ஒரு காலைப் பிடித்து அழுத்தினால் அது கீழே போகும்; மற்றக் கால் ஜம்மென்று மேலே மிதந்து வரும். அதை அழுத்தினால் இது வரும். உடம்பில் கொழுப்பு உள்ளவர்கள் தண்ணீரில் நன்றாக மிதப்பார்கள் என்பதை டாக்டர் ரூஸ்வெல்ட் இப்படிக் கற்றுக் கொண்டார்!

பயிற்சி முடிந்ததும் விளையாட்டு. தண்ணீரில் ஓடிப் பிடிப்பார்கள். பந்து எறிவார்கள். தரையில் நகர முடியாத பிள்ளைகள் தண்ணீரில் கூச்சல் போட்டார்கள். அவர்களோடு சேர்ந்து அதிகமாகக் கூச்சல் போட்டவர் ரூஸ்வெல்ட்.

ஓட்டலில் தங்கி இருந்த மற்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை. நோய் தொற்றிவிடும் என்று பயந்தார்கள். ஊனமுற்றவர்களோடு ஒரே இடத்தில் சாப்பிட மாட்டோம், ஒரே குளத்தில் குளிக்க மாட்டோம் என்றார்கள். நோயாளிகளுக்குத் தனிச் சாப்பாட்டு இடம், தனிக் குளம் என்று பிரிக்க வேண்டி வந்தது.

ரூஸ்வெல்ட் என்ன செய்தார் தெரியுமா? அந்த இடத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்!

1926 ஏப்ரலில் ஓட்டல், ஊற்று, குளங்கள், ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எல்லாம் அவர் கைக்கு வந்தன. விலை ஏறத்தாழ 2 லட்சம் டாலர். அவருடைய சொந்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு! எலியனார் கவலைப்பட்டார். ஐந்து பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது? கவலை நியாயமானதுதான். ரூஸ்வெல்ட் கேட்கவில்லை.

ஆர்வம் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நிபுணர்கள் பார்த்து ஒப்புக் கொள்ள வேண்டும் என்று விரும்பினார். எலும்பு மருத்துவர்களின் மாநாட்டுக்குப் போய் வாதாடினார். ஹப்பர்டு என்ற டாக்டரும், பயிற்சி பெற்ற பெண்மணி ஹெலினா மஹோனியும் வந்து சேர்ந்தார்கள். 23 நோயாளிகளை அளந்து, எழுதி, கவனித்தார்கள். எல்லோருக்கும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. 1927-ல் அது ஓர் அறநிலையம் ஆயிற்று. மறு ஆண்டு, மோட்டார் மன்னர் போர்டின் மகன் எட்செல் கொடுத்த பணத்தில், கண்ணாடிச் சுவர்களோடு ஒரு குளம் கட்டினார்கள். மழையோ குளிரோ, நீச்சல் நிற்காது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஜார்ஜியாவில் வெள்ளையர், கறுப்பர் பாகுபாடு கடுமையாக இருந்தது. வார்ம் ஸ்பிரிங்சில் கறுப்பர்கள் வேலை செய்தார்கள். ஆனால் கறுப்பு இன நோயாளிகளுக்கு அந்தத் தண்ணீரில் இடம் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, 1941-ல் அலபாமா மாநிலம் டஸ்கீகியில் அவர்களுக்கு ஒரு தனி ஆஸ்பத்திரி திறந்தார்கள். அதற்குள் எத்தனையோ ஆண்டுகள் போய்விட்டன.

நடந்தாரா?

கால்கள் குணம் ஆயினவா?

இல்லை. கடைசி வரை ரூஸ்வெல்ட் துணை இல்லாமல் நடக்கவில்லை.

அப்படியானால் நீந்தியதால் என்ன பயன்? இடுப்பு பலப்பட்டது. முதுகு நிமிர்ந்தது. நெடுநேரம் உட்கார்ந்து வேலை செய்யும் சக்தி வந்தது. எல்லாவற்றுக்கும் மேல், தாம் செயலற்றவர் அல்ல என்ற எண்ணம் தினமும் ஒரு மணி நேரம் உறுதிப்பட்டது.

ஹெலினா மஹோனியிடம் அவர் ஒரு வித்தை கற்றார். வலது கையில் தடி. இடது கையால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை இறுகப் பிடிக்க வேண்டும். இடுப்பை அசைத்து அசைத்து, இரும்புச் சட்டம் மாட்டிய கால்களை ஒவ்வொன்றாக முன்னே வீச வேண்டும். முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது.

1924-ல் கட்சி மாநாட்டுக்குக் கக்கக் கட்டைகளோடு வந்தவர், 1928-ல் ஹூஸ்டன் மாநாட்டு மேடைக்கு மகன் எலியட்டின் கையைப் பிடித்துக் கொண்டு நடந்து வந்தார். அந்த ஆண்டு நவம்பரில் நியூயார்க் கவர்னர். 1932-ல் ஜனாதிபதி தேர்தலில் வெற்றி!

தொழிற்சாலைகள் மூடிக்கிடந்த காலம் அது. பாங்குகள் முறிந்தன. கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட நாட்டை நடத்த, நடக்க முடியாத ஒருவரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குக் கால் சரியில்லை என்பது மக்களுக்குத் தெரியும். எவ்வளவு சரியில்லை என்பது தெரியாது. அவரைத் தூக்கி இறக்கும் காட்சியைப் பத்திரிகைகள் படம் போடவில்லை. அவரும் அதை விரும்பவில்லை.

மாளிகைக்குள் ஒரு குளம்

ஜனாதிபதி மாளிகையில் நீச்சல் குளம் இல்லை. நீந்தாவிட்டால் ரூஸ்வெல்ட்டின் உடம்பு கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நியூயார்க் பத்திரிகை ஒன்று நிதி திரட்டியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சில்லறைக் காசு அனுப்பினார்கள்.

1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் பதவி ஏற்றார். ஜூன் 2-ந் தேதி குளம் தயார்! மாளிகைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே, 50 அடி நீளம், 15 அடி அகலம். வேலை செய்த தொழிலாளர்களைக் கூப்பிட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே நன்றி சொன்னார்.

முதல் சில ஆண்டுகள், மாலையில் அலுவல் முடிந்ததும் நேரே குளத்துக்குப் போவார். நண்பர்களையும் பேரக் குழந்தைகளையும் கூட அழைத்துக் கொள்வார். வார்ம் ஸ்பிரிங்சையும் மறக்கவில்லை. 1924-ல் இருந்து கடைசி வரை 41 தடவை அங்கே போனார். கையாலேயே ஓட்டும்படி மாற்றி அமைத்த காரில் கிராமம் கிராமமாகச் சுற்றுவார். குடியானவர்களிடம் பருத்தி விலை விசாரிப்பார். தம்முடைய சிறிய வீட்டுக்கு வந்த மின்சாரக் கட்டணத்தைப் பார்த்து அவர் மலைத்துப் போனாராம். ஹைடு பார்க் மாளிகைக்குக் கட்டுவதைப்போல் நான்கு மடங்கு வீதம்! கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு போகும் திட்டம் அங்கேதான் மனதில் முளைத்தது என்று அவரே பின்னர் சொல்லி இருக்கிறார்.

ஜனாதிபதியின் பிறந்த நாளான ஜனவரி 30-ந் தேதி, 1934 முதல் ஊருக்கு ஊர் நடன விருந்து வைத்துப் போலியோவுக்குப் பணம் சேர்த்தார்கள். 1938-ல் அது தேசிய நிதி ஆயிற்று. ஜனாதிபதிக்குத் தபாலில் 10 சென்டுக் காசு அனுப்புங்கள் என்று ரேடியோவில் நடிகர் எடி காண்டர் கேட்டுக் கொண்டார். காசுகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. மாளிகைத் தபால் அறையில் மற்றக் கடிதங்களைத் தேடி எடுப்பதே பெரிய பாடாகிவிட்டது!

இன்னொரு நோய்

கால் நோய் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாமல் வளர்ந்தது இன்னொன்று: ரத்தக் கொதிப்பு.

1937-லேயே அது அளவுக்கு மேல் இருந்தது. 1941-ல் இன்னும் ஏறியது. உலகப் போர் வந்தது. தூக்கம் குறைந்தது. சிகரெட் ஒரு நாளைக்கு 20, 30. நீச்சலுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. அவரைக் கவனித்து வந்த டாக்டர், மூக்கு தொண்டை நிபுணர்!

1944 மார்ச்சில் மகள் அன்னா கவலைப்பட்டு, கடற்படை ஆஸ்பத்திரியில் முழுப் பரிசோதனை செய்ய ஏற்பாடு செய்தார். புரூயன் என்ற இளம் இருதய டாக்டர் சோதித்தார். ரத்த அழுத்தம் 186-க்கு 108. இருதயம் பெருத்திருந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ரத்தக் கொதிப்பைத் தணிக்கும் நல்ல மருந்து அப்போது உலகத்திலேயே கிடையாது. இருதயத்துக்கு மருந்து கொடுத்து, உப்பைக் குறைத்து, சிகரெட்டைக் குறைத்து, பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றார்கள்.

அந்தக் கட்டளைகளில் ஒன்று: குளத்தில் நீந்தக் கூடாது.

எந்தத் தண்ணீர் 22 ஆண்டுகள் அவரைத் தாங்கியதோ, அதில் இறங்கக் கூடாது என்று ஆகிவிட்டது! தளர்ந்த இருதயத்துக்கு நீச்சல் பெரும் சுமை. அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஏன், என்ன நோய் என்றுகூட டாக்டரிடம் கேட்கவில்லை. சொன்னபடி கேட்டார்.

அதே ஆண்டு நான்காவது முறையாகத் தேர்தலில் வென்றார். ஆனால் உடம்பு உருகிக் கொண்டே வந்தது. 1945 மார்ச் 1-ந் தேதி, காங்கிரஸ் சபையில் முதல் முறையாக உட்கார்ந்தபடி பேசினார். கால்களில் 10 பவுண்டு இரும்பு இருப்பதால் மன்னிக்க வேண்டும் என்று கேட்டுக் கொண்டார். இத்தனை ஆண்டுகள் வெளியே பேசாத இரும்பைப் பற்றி அன்றுதான் வாய் திறந்தார்.

கடைசிப் பயணம்

மார்ச் 30-ந் தேதி வார்ம் ஸ்பிரிங்சுக்குப் போனார். ஓய்வு எடுத்தால் தேறிவிடும் என்று நினைத்தார்கள்.

ஏப்ரல் 12-ந் தேதி மதியம். ஓர் ஓவியப் பெண்மணி அவர் படத்தை வரைந்து கொண்டிருந்தார். ரூஸ்வெல்ட் காகிதங்களில் கையெழுத்துப் போட்டபடி உட்கார்ந்து இருந்தார். திடீரென்று தலை சாய்ந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. மாலை 3-35 மணிக்கு உயிர் பிரிந்தது. வயது 63.

அன்று மாலை போலியோப் பிள்ளைகள் அவருக்கு ஒரு கலை நிகழ்ச்சி நடத்திக் காட்டுவதாக இருந்தது. அதற்காக ஒத்திகை பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சவ ஊர்வலம் நோயாளிகளின் விடுதி வழியாகப் போனது. ஒவ்வொரு தடவை ஊருக்குப் புறப்படும்போதும் அந்த வாசலில் காரை நிறுத்திக் கையசைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றும் வண்டி அங்கே மெதுவாயிற்று. சக்கர நாற்காலிகளில் நோயாளிகள் வரிசையாக இருந்தார்கள். கறுப்பு இன இசைக் கலைஞர் கிரகாம் ஜாக்சன், கண்ணீர் வழிய அக்கார்டியன் வாசித்தார்.

சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1955 ஏப்ரல் 12-ந் தேதி, டாக்டர் சால்க் கண்டுபிடித்த போலியோத் தடுப்பு ஊசி பலன் தருகிறது என்ற அறிவிப்பு வந்தது. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது, 10 சென்டுக் காசுகள் சேர்த்த அதே நிதி. ரூஸ்வெல்ட்டின் முகம் அந்த 10 சென்டுக் காசில் 1946-லேயே பொறிக்கப்பட்டுவிட்டது.

ஜனாதிபதி மாளிகைக் குளம் என்ன ஆயிற்று?

அடுத்து வந்தவர்களும் அதில் நீந்தினார்கள். ஓயாத முதுகு வலியால் அவதிப்பட்ட கென்னடி, மதியம் தவறாமல் வெந்நீர் நிரப்பிய அந்தக் குளத்தில் நீந்தினார். 1970-ல் ஜனாதிபதி நிக்சன் குளத்தை மூடி, மேலே தளம் போட்டு, பத்திரிகை நிருபர்களுக்கு இடம் ஒதுக்கினார். ஜனாதிபதியின் செய்தித் தொடர்பாளர் நின்று பேசும் கூடம் அதுதான். டெலிவிஷனில் பலர் பார்த்திருப்பார்கள். தரைக்கு அடியில் படிக்கட்டு வழியாக இறங்கினால், பள்ளிப் பிள்ளைகள் அனுப்பிய காசும் சேர்ந்து கட்டிய குளம், ஓடு பதித்த சுவர்களோடு அப்படியே இருக்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை.